கண் பார்க்கிறதா, மூளை பார்க்கிறதா? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரங்கூனில், பெரியவர்கள் இன்னமும் மொகல் தெரு என்றே சொல்லும் ஷ்வே போந்தா தெருவுக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் பவரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மூக்கு, காது, நாக்கு, மறதி, பேய் என்று எல்லாம் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் இதைப் பற்றிச் சில முறை பேசினேன். அதற்கப்புறம் கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கண்ணில் கோளாறு இல்லை என்றால், உலகம் உள்ளது உள்ளபடி தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கடையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடது பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி வலது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டும் வைத்துக் கொடுப்பேன். நீங்களும் செய்து பாருங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே பார்க்க வேண்டும். பொட்டின் மேல் பார்வை போகக் கூடாது. தாளை மெதுவாக முகத்துக்கு அருகே கொண்டு வாருங்கள். சுமார் முப்பது சென்டிமீட்டர் தூரம் வரும்போது பொட்டு மறைந்துவிடும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் திரும்பத் தெரியும்.

விழித்திரையிலிருந்து நரம்புகள் ஒன்றுசேர்ந்து மூளைக்குப் புறப்படும் வாசலில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. பிரான்ஸ் நாட்டு மரியோட் 1660களில் கண்டுபிடித்த விஷயம் இது. இரண்டு கண்ணிலும் ஆளுக்கொரு ஓட்டை இருந்தும், பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அது நமக்குத் தெரிந்ததில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பொட்டு மறைந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை தெரிந்ததா? வெள்ளைத் தாள்தான் தெரிந்திருக்கும். கோடு போட்ட நோட்டில் செய்தால் கோடு தொடர்ந்து ஓடுவதுபோல் தெரியும். சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

கதை அதோடு முடியவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் நமக்குக் கூர்மையாகத் தெரியும். சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல்தான். கண் ஒரு நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவித் தாவி, துண்டு துண்டாகப் பார்க்கிறது. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

நிரப்புகிறது என்கிறீர்கள். எதை வைத்து நிரப்புகிறது?

பழக்கத்தை வைத்துத்தான். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, பார்ப்பது என்பது நம்மை அறியாமல் மூளை செய்யும் ஊகம் என்றார். புலன்கள் கொண்டுவருவது அரைகுறைச் செய்தி. ‘இதுவரை கண்டதை வைத்துப் பார்த்தால் இது இன்னதாக இருக்க வேண்டும்’ என்று முடிவு கட்டுவது மூளை. நாம் பார்ப்பது அந்த முடிவைத்தான்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வரும்போது இதை நேரிலேயே பார்க்கலாம். பர்மாவில் 1970லிருந்து வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. போன வருடம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் மைத்துனர் அனோரதா சாலையைக் கடக்கப் போனார். வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘ரோடு காலி’ என்று காலை வைத்தார். இடது பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. நாற்பது வருடமாக அவர் மூளை கற்ற பாடம், வண்டி வலப்பக்கத்திலிருந்துதான் வரும் என்பது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் மூன்று நாள் கையைப் பிடித்தே கடக்க வையுங்கள்.

எதிரிலேயே இருந்த சாவி தெரியாமல் போவது வயதாவதாலா?

பெரும்பாலும் இல்லை. கவனம் வேறு இடத்தில் இருந்தால் கண் எதிரே இருப்பதும் தெரியாது. 1999இல் அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர் செய்த சோதனை பிரபலமானது. பந்து எத்தனை தடவை கை மாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோ காட்டினார்கள். நடுவே கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவர் தெரியவே இல்லை. போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில் போய்விடும்.

புலன் ஐந்துதானே?

வெளியே தெரிகிறவை ஐந்து. தொல்காப்பியம் தொடுகையில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், காது என்று போய் மனத்தை ஆறாவதாக வைக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள பௌத்தர்களும் மனத்தைச் சேர்த்து ஆறு என்றுதான் எண்ணுகிறார்கள். இன்றைய அறிவியலில் இன்னும் சில சேரும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்வதால்தான் அது முடிகிறது. பசி, தாகம், நெஞ்சு படபடப்பு ஆகியவை உடம்புக்கு உள்ளிருந்து வரும் செய்திகள். உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் நம் சமநிலையைப் பார்த்துக்கொள்கின்றன. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

மண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு, தரை ஆடாமலே ஆடுவது போல் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

2025 மார்ச் 28 அன்று, மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது யாருக்கும் மறக்காது. 7.7 அளவு. ரங்கூனில் எங்கள் கடையில் தொங்கிய விளக்கு ஆடியதோடு நின்றது. மண்டலேயில் இருக்கும் சொந்தங்கள் பல நாள் வீட்டுக்குள் போகாமல் வெளியிலேயே படுத்தார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ‘கட்டில் அசையுது’ என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. பெரிய நடுக்கம் கண்டவர்களுக்கு இப்படி வருவது ஜப்பானிலும் நன்றாகத் தெரிந்த விஷயம். நிலம் அசையாது என்பதுதான் மூளையின் மிகப் பழைய நம்பிக்கை. அது ஒரு நாள் பொய்த்துப் போனதும், அடுத்த தடவை ஏமாறக் கூடாது என்று மூளை காவலைக் கூட்டிவிடுகிறது. லாரி போகும் அதிர்வு, நம் இதயத் துடிப்பில் உடம்பு லேசாக அசைவது என்று முன்பு தள்ளிவிட்ட சின்னச் செய்தியெல்லாம் இப்போது ‘ஆடுகிறது’ என்று வந்து சேர்கிறது.

இதற்கு என் அத்தை மகள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறாள். பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டில் ஒன்று அவள் தலைமாட்டில் எப்போதும் இருக்கும். ஆடுவது போலிருந்தால் விளக்கைப் போட்டுத் தண்ணீரைப் பார்ப்பாள். தண்ணீர் சும்மா இருந்தால் ஆடியது தரை இல்லை. காது சொல்வதைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள மூளைக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. தலைச்சுற்றல், வாந்தி, தூக்கமே இல்லாமை என்று நீண்டால் டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் ஓடும்போது காதில் விழுவதில்லை, நின்றதும் ‘அப்பாடா’ என்று இருக்கிறதே?

கரண்ட் போன மாலையில் எங்கள் தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடும். பத்து நிமிஷத்தில் அது இல்லாதது போல் ஆகிவிடும். மாறாத செய்தியை மூளை கீழே தள்ளிவிட்டு, மாறுகிற செய்திக்கு இடம் கொடுக்கிறது. சத்தம் நிற்பதும் ஒரு மாற்றம் என்பதால் அது சட்டென்று தெரிகிறது. போட்டிருக்கும் சட்டை உறுத்தாததும், தலையில் வைத்த மல்லிகை கொஞ்ச நேரத்தில் நமக்கு மட்டும் மணக்காமல் போவதும் இதே கணக்குதான்.

ஆனால் காதில் விழவில்லை என்பதற்காகக் காது தப்பியது என்று நினைக்காதீர்கள். உட்காதில் இருக்கும் ஒலியுணரும் செல்கள், காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம்தான். செத்தால் திரும்ப முளைக்காது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா மேடைகளிலும் நம் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிக்கு அடியிலேயே பிள்ளைகளை நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

ஙாப்பி (பர்மியச் சமையலில் சேரும் புளித்த மீன் விழுது) ஒருவருக்கு நாற்றம், ஒருவருக்கு வாசம். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் மூக்குக்குள் போவதும் ஒரே காற்றுதான். மூக்கில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் நானூறு வகைக்குப் பக்கம் உண்டு. இதைக் கண்டறிந்த ஆக்ஸல், பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற புலன்களின் செய்தி மூளையின் நடுவில் இருக்கும் ஒரு சாவடியைத் தாண்டித்தான் மேலே போகும். மணம் மட்டும் நேராக, உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிகளுக்குப் பக்கத்தில் போய் இறங்குகிறது. அதனால் மணத்தோடு கதையும் ஒட்டிக்கொள்கிறது.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் என் மனைவி மார்க்கெட்டில் ஙாப்பிக் கடைப் பக்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் நடப்பாள். இன்று நல்ல ஙாப்பி, பழைய ஙாப்பி என்று ஒரு மோப்பத்தில் சொல்லிவிடுவாள். ஏற்பி மாறவில்லை. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா மழைக்காலத்தில் காய்ச்சலோடு கிடந்தவளுக்குக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்த சோறும் தொட்டுக்கொள்ளும் கீரையும் அந்த மணத்தோடு சேர்ந்துகொண்டன.

பெயர்கூட மணத்தை மாற்றும். ஒரு சோதனையில் ஒரே மணத்தைச் சிலமுறை பாலாடைக்கட்டி என்றும் சிலமுறை உடம்பு வியர்வை என்றும் எழுதிக் காட்டி முகர வைத்தார்கள். முகர்ந்தவர்கள் பெயருக்கு ஏற்றபடி பிடித்தது, பிடிக்கவில்லை என்றார்கள். மூளைக்குள்ளும் வித்தியாசம் தெரிந்தது. அதனால் பிள்ளைகள் முன்னால் அடுத்தவர் சாப்பாட்டை ‘சீ’ என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் அவர்கள் மூக்கில் பதிந்துவிடும்.

நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, காரம் எங்கே?

அந்தப் படம் தப்பு. 1901இல் ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் கண்ட மிகச் சிறிய வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கி வரைந்துவிட்டார்கள். நாக்கு முழுவதும் எல்லாச் சுவையும் தெரியும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்போடு ஜப்பானியர் இகேடா 1908இல் சேர்த்த உமாமி என்ற சுவையும் உண்டு. ஙாப்பி குழம்புக்குக் கொடுக்கும் அந்த நிறைவு அதுதான். காரம் சுவையே இல்லை, சூட்டு வலி. சுமார் 43 டிகிரிச் சூட்டில் ‘சுடுகிறது’ என்று சொல்லும் அதே ஏற்பியை மிளகாயின் காப்சைசின் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை இது.

என் பேரன் ழகரத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறான். நான் பேசும் பர்மியத்தைக் கேட்டு அவன் சிரிக்கிறான். இருவரில் யாருக்குக் குறை?

யாருக்கும் இல்லை. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

பர்மியத்தில் ‘ஸா’ என்று சமமாகச் சொன்னால் எழுத்து. அதையே உயர்த்தி நீட்டினால் சாப்பிடு. ‘கா’ என்றால் கார். அதையே மூச்சை வெளியே தள்ளிச் சொன்னால் கசப்பு அல்லது இடுப்பு. தமிழ்க் காதுக்கு இவை ஒன்றுதான். தமிழில் சுருதியை மாற்றினாலும் மூச்சைத் தள்ளினாலும் பொருள் மாறாது. மாறாததைக் கவனிக்க வேண்டாம் என்று நம் மூளை தொட்டிலிலேயே முடிவு செய்துவிட்டது.

தொட்டிலில் என்று சும்மா சொல்லவில்லை. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இருவர் 1984இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் தகரமும் நாக்கை மடித்துச் சொல்லும் டகரமும் வேறு வேறு. நமக்கு அது சாதாரணம். ஆங்கிலம் பேசுகிற பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் அதைப் பிரித்துக் கேட்டார்கள். அதே வித்தியாசம் முதல் பிறந்தநாள் வரும் நேரத்தில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. எல்லா மொழிக்கும் திறந்திருந்த காது, வீட்டில் கேட்கும் மொழிக்கு ஏற்றபடி தன்னைச் செதுக்கிக்கொள்கிறது.

பேரன் வீட்டிலும் தெருவிலும் எதை அதிகம் கேட்டானோ அதற்கு அவன் காது பழகியிருக்கிறது. பாட்டு போட்டுவிட்டால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசிப் பார்த்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே டிவியில் காட்டியபோது பிடிக்கவில்லை. போனில் ஓடும் தமிழை விட மடியில் வைத்துப் பேசும் தமிழ் பெரிது என்பதை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது எனக்கு. பெரிய பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடவில்லை, உழைப்புதான் கூடும். ‘பழம்’ என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் வாயை அவன் பார்க்கட்டும்.

கடையில் பார்த்த லுங்கி வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாக இருக்கிறதே?

துணி எந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது மேலே விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெளிச்சம் இன்னது என்று ஊகித்து, அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நிறம் என்று மூளை காட்டுகிறது. அதனால்தான் காலை வெயிலிலும் மஞ்சள் பல்பிலும் மல்லிகை வெள்ளையாகவே தெரிகிறது. ஊகம் மாறினால் நிறமும் மாறும். 2015இல் ஒரு உடையின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் தங்கமும் தெரிந்தது. உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். போஜோ ஆங்சான் மார்க்கெட்டில் துணி எடுத்தால் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூடவே ஒரு சின்ன சந்தோஷம். நாம் பச்சைக் கிளி என்றும் சொல்வோம், பச்சைக் காய்கறி, பச்சை மீன் என்று வேகாததையும் சொல்வோம். பர்மியத்தில் ‘அஸெய்ன்’ என்ற சொல்லும் பச்சை நிறம், வேகாதது இரண்டுக்குமே வரும்.

புரோகிரசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போட்டதும் தரை சரிகிறது. பவர் தப்பா?

முதலில் கடைக்கு வாருங்கள், அளவைச் சரிபார்க்கிறேன். அளவு சரி என்றால் ஒரு வாரம், பத்து நாள் விடாமல் போடுங்கள். போட்டுப் போட்டுக் கழற்றினால் பழகவே பழகாது. லென்ஸின் ஓரங்களில் உருவம் கொஞ்சம் வளையும். அந்த வளைவைக் கழித்துப் பார்க்க மூளை கற்றுக்கொள்ளும். 1890களில் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்கர் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை எட்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்தார். முதலில் தண்ணீர் ஊற்றக்கூடத் தடுமாறியவர் கடைசி நாட்களில் இயல்பாக நடமாடினார். பழகும்வரை மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனதும் ஒன்றும் தெரியவில்லை, அரை மணி கழித்து எல்லாம் தெரிகிறதே?

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். பகலுக்கும் நிறத்துக்கும் ஒரு வகை, இருட்டுக்கு ஒரு வகை. இருட்டு வகை முழுதாக விழிக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் வெளிச்சத்தைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேராக உற்றுப் பார்க்கும் நடுப்புள்ளியில் இருட்டு வகைச் செல் கிடையாது. ஆகவே மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்கக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். கல்யாணத்தில் காட்டும் அருந்ததியை, தெருவே இருண்ட ஒரு இரவில் மாடிக்குப் போய், பெரிய நட்சத்திரமான வசிட்டருக்குச் சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்துத் தேடுங்கள். கிடைப்பாள்.

தீமிதியில் கால் சுடாதது எப்படி? இதை அறிவியலால் விளக்கினால் பக்தி குறைந்துவிடாதா?

எனக்குக் குறையவில்லை. என் அப்பா ஒன்பது வருடம் மிதித்தவர். கரித்தணலும் மேலே படிந்த சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வொரு அடியும் ஒரு நொடிக்குள் எடுக்கப்படுகிறது. அது வெளிக்காரணம். உள்காரணம், வலி என்பது காலிலிருந்து அப்படியே மேலே போகும் தந்தி இல்லை. முதுகுத்தண்டில் அதற்கு ஒரு கதவு இருக்கிறது என்று மெல்ஸாக், வால் இருவரும் 1965இல் சொன்னார்கள். மூளை மேலிருந்து அந்தக் கதவைச் சாத்தவும் திறக்கவும் செய்யும். விரதமும் உடுக்கையும் கூட்டத்தின் குரலும் மனத்தை ஒரே இடத்தில் நிறுத்தும்போது கதவு சாத்திக்கொள்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் தயவுசெய்து மிதிக்காதீர்கள். அவர்களுக்குச் சுடாதது கதவு சாத்தியதால் அல்ல, நரம்பு கெட்டதால். புண் வந்தது தெரியாமலே காலை இழந்தவர்கள் உண்டு.

இல்லாத கால் வலிக்கிறது என்கிறார் எங்கள் சித்தப்பா. எப்படி?

மிதிவெடியில் கால் இழந்தவர்கள் நிறைந்த நாடு இது. ஆகவே பலருக்கும் இது உதவும். கால் போனாலும் மூளையில் இருக்கும் காலின் வரைபடம் போவதில்லை. அந்த வலி பொய் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு எளிய வழியைக் காட்டினார். நடுவே ஒரு முகக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, அசைக்கச் சொன்னார். இறுகிக் கிடந்த கை தளர்ந்தது போல் சிலருக்கு வலி குறைந்தது. காலுக்கும் இதே முறைதான். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. உடற்பயிற்சி மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கண் மங்கிய பாட்டி, முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவதாகச் சொல்கிறார். யாரும் இல்லை. பேயா, புத்தி தடுமாற்றமா?

இதற்குப் பதில் எழுதத்தான் இந்தப் பக்கத்தையே தொடங்கினேன்.

என் அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ‘அந்தப் புள்ளைகளுக்குக் காப்பித்தண்ணி குடுத்தியாப்பா?’ என்றார். முகத்தில் தனாக்கா மரப்பட்டைக் குழைவு பூசிய நாலைந்து பெண்பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்றும் பேசுவதில்லை, சட்டையில் இருக்கும் பூக்கூடத் தெளிவாகத் தெரிகிறது என்றார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ‘கனவு கண்டிருப்பீங்க அப்பத்தா, இதை யார்கிட்டேயும் சொல்லாதீங்க, சிரிப்பாங்க’ என்றேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. இறக்கும்வரை அந்தப் பிள்ளைகள் வந்தார்களா, பயந்தாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாதே என்று சொன்னவன் நான். பல வருடம் கழித்துத் தொழில் சம்பந்தமாகப் படிக்கும்போதுதான் அதற்குப் பெயரே இருக்கிறது என்று தெரிந்து, கடையை அன்று சீக்கிரமே மூடிவிட்டேன்.

சார்லஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். சுவிட்சர்லாந்துக்காரரான பொனே, கண்புரை வந்த தன் தாத்தா ஆட்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டதை 1760இல் எழுதி வைத்தார். தாத்தாவுக்குத் தொண்ணூறு வயதுக்குப் பக்கம், புத்தி தெளிவு. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்ததும், மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் போடுகிறது. படம் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். இது உண்மை இல்லை என்று பார்க்கிறவருக்கே பல நேரம் தெரியும்.

உங்கள் பாட்டியிடம் பொறுமையாகக் கேளுங்கள். யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், பயமாக இருக்கிறதா? ‘உங்களுக்குப் புத்தி கெடவில்லை, கண் மங்கியதால் மூளை காட்டும் படம் இது’ என்று சொல்லுங்கள். அது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். அறையில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். படம் வரும்போது கண்ணை வேகமாக இடமும் வலமும் அசைத்தால் சிலருக்குக் கலைந்துவிடும். அப்புறம் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், காரணம் புரையாக இருந்தால் ஆபரேஷன் உண்டு. உருவங்கள் பேசினாலோ, பாட்டி குழம்பினாலோ, ஆளை மறந்தாலோ அது வேறு. நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா?

இல்லை. வயதானால் முதலில் போவது கீச்சொலி. ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உயிரொலிகள் கேட்கும், அதனால் யாரோ பேசுவது தெரியும், சொல் தெரியாது. கத்தினால் புரியாது. எதிரில் உட்கார்ந்து, வாய் தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள். உதடும் கேட்பதில் பங்கெடுக்கிறது. ‘பா’ என்ற ஒலியோடு ‘கா’ சொல்லும் வாயைக் காட்டினால் பலருக்கு ‘தா’ என்று கேட்கிறது என்று 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் காட்டினார்கள். கொரோனாக் காலத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டபோது என் கடைக்கு வந்த பெரியவர்கள் பலருக்கு, அதுவரை தெரியாத காதுக்குறை தெரியவந்தது.

பிறவியிலேயே புரை உள்ள குழந்தைக்குப் பெரியவனானதும் ஆபரேஷன் செய்தால் போதாதா?

தள்ளிப் போடாதீர்கள். 1688இல் மாலினியூ என்ற அயர்லாந்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார். உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்த பார்வையற்றவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? இந்தியாவில் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில் பார்வை பெற்ற எட்டு முதல் பதினேழு வயது வரையான ஐந்து பேரிடம் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். கட்டு அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். வயது கடந்தாலும் மூளை கற்கும் என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்தக் கூர்மை முழுதாக வருவதில்லை. பார்வைக்கான மூளைப்பகுதி வளர்வது முதல் மாதங்களிலும் முதல் வருடங்களிலும்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் கண்ணின் கறுப்புப் பாப்பாவின் நடுவைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தாலும், போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் மின்னினாலும், கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.